வாடகை வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ்: கடலூரிலும் புதுச்சேரியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, அடுத்த மாசம் காலி பண்ணிடுறோம்" என்று மாடிப்படியில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வீட்டுக்காரரும் "சரிப்பா" என்று தலையாட்டியிருப்பார். சிக்கல் அன்றைக்கு வராது, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில் வரும். "நீ எப்போ சொன்னே? திடீர்னு வந்து சாவியை நீட்டுறே. ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதி" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது, உண்மையிலேயே மறந்திருக்கலாம். வாயால் சொன்னதற்கு இரண்டு பேரிடமும் சாட்சி இல்லை என்பதுதான் இங்கே தகராறே.

மாத வாடகைக் குடியிருப்பை முடிக்கும் நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இவை முடியாவிட்டால் அந்தக் கட்டடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். குடியிருப்பவர், உரிமையாளர் இருவருக்குமே இதுதான் விதி. வாட்ஸ்அப்பில் அனுப்புவது தவறில்லை, நீங்கள் சொன்னதற்கு அது ஒரு துணைச் சான்று. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குவது ஐந்து நிமிட வேலை. "கையெழுத்தெல்லாம் எதுக்கு, நமக்குள்ள?" என்று வீட்டுக்காரர் தயங்கினால் மனத்தாங்கல் வேண்டாம், தபாலில் அனுப்பிவிடுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், கவுண்டரில் பதிவு வசதியோடும் சேர்ப்பிப்புச் சான்றோடும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அதிகம் பேர் இடறுவது நாள் கணக்கில். "சட்டப்படி 15 நாள் போதும்" என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று மாத நோட்டீஸுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் 15 நாளில் கிளம்பிவிடுகிறார்கள். 15 நாள் என்பது, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லப்படாதபோது மட்டும் பொருந்தும் கணக்கு. அக்ரிமெண்டில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே முதல் வேலை, பீரோவில் கிடக்கும் அந்த முத்திரைத்தாளை எடுத்துப் படிப்பது. நம் பக்கம் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். அது முடிந்த பிறகும் புதுப்பிக்காமல் வாடகை கொடுத்து, அவரும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுகிற வீடுகள் ஏராளம். அப்படி ஓடும்போது அது மாதாமாதம் தொடரும் குடியிருப்பு ஆகிவிடுகிறது. 'அக்ரிமெண்ட் காலாவதி, அதனால் நோட்டீஸே வேண்டாம்' என்பது தவறான முடிவு. பழைய தாளில் சொன்ன கால அளவையே இப்போதும் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

நாளை எங்கிருந்து எண்ணுவது? கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து அல்ல, அது அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. 106-ஆம் பிரிவில் 2002 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. 1-ஆம் தேதி எழுதி, 4-ஆம் தேதி தபாலில் போட்டு, 7-ஆம் தேதி கிடைத்தால் கணக்கு 7-இல்தான் தொடங்குகிறது. நோட்டீஸ் வாடகை மாதத்தின் கடைசி நாளோடுதான் முடிய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அந்தத் திருத்தம் எடுத்துவிட்டது. இருந்தாலும் மாதக் கடைசியில் முடியும்படி வைத்துக்கொண்டால் அரை மாத வாடகைக் கணக்கு என்ற பேச்சே எழாது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் அப்படிச் செய்வதே நல்லது என்பேன்.

இன்னொரு நாள் கணக்கும் உண்டு, அது நம் ஊர் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டோம். ஜூன் கடைசியில் நோட்டீஸ் கொடுத்து, அது ஜூலை கடைசியில் முடியும்போதுதான் ஆடி நடக்கிறது என்பது வீட்டில் பெரியவர்கள் சொல்லி நினைவுக்கு வரும். "ஆவணி பிறக்கட்டும்ணே, அப்புறம் போயிடுறோம்" என்று கேட்பார்கள். அதற்குள் வீட்டுக்காரர் வேறொரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பார். குடிபோகும் நாளை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி நோட்டீஸ் கொடுங்கள். நாள் தள்ளிப்போனால் அந்தத் தள்ளிவைப்பையும் இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். உரிமையாளர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் காலி செய்யச் சொல்லிக் கொடுத்த நோட்டீஸின் காலம் முடிந்த பிறகும் வழக்கம்போல் அடுத்த மாத வாடகையை வாங்கிக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதாட அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜிபேயில் பணம் தானாக வந்து விழும் காலத்தில் இதைக் கவனிக்காமல் விடுவது எளிது.

அடுத்தது, ஆளை மாற்றிக் கொடுப்பது. வீடு அம்மா பேரில் இருக்கும், வாடகை வசூலிப்பது மகன், வீட்டைக் காட்டியது புரோக்கர். புரோக்கரிடம் சொன்னது நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கு எழுதுங்கள், மகன் கையில் கொடுத்தாலும் கடிதம் அம்மாவின் பெயரில் இருக்கட்டும். ஜிப்மரில் படிப்பவர்களும் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கும்போது ஒப்பந்தம் ஒருவர் பேரில்தான் இருக்கும். அவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர்கள் கொடுக்கும் கடிதம் தகராறுக்குத்தான் வழி.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே குடியிருப்பவர்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, பாகூர் புதுச்சேரி. கடலூர் நகரத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்வதும் அதன் அடிப்படை. புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டில் தனியாக ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருப்பவர் தானாகக் காலி செய்யும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. உரிமையாளர் காலி செய்யச் சொல்லும்போதுதான் தெரியும். நோட்டீஸ் கொடுத்து நாள் முடிந்துவிட்டது என்பதற்காகப் பூட்டை மாற்றவோ தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்தவோ உரிமையாளருக்கு உரிமை கிடையாது. குடியிருப்பவர் போக மறுத்தால் உரிய அமைப்பிடம் சட்டம் சொல்லும் காரணத்தோடு மனுப் போட்டுத்தான் ஆக வேண்டும். கோபத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, நியாயம் தன் பக்கம் இருந்தும் அதை இழக்கிற உரிமையாளர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

"கடைசி மாச வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பதும் நோட்டீஸோடு ஒட்டிக்கொண்டே வரும் தவறுதான். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் செய்யலாம், ஒப்புக்கொண்டதைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். அவர் சம்மதிக்காமல் நீங்களாக வாடகையை நிறுத்தினால் அது பாக்கிதான். வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று அவர் அட்வான்ஸில் பிடிக்கும்போது மறுத்துப் பேச உங்களுக்கு வலு இருக்காது. கடைசி மாத வாடகையைக் கொடுத்துவிட்டு முழு அட்வான்ஸைக் கேட்பதே கௌரவமான வழி.

கடிதத்தில் சட்ட வார்த்தைகள் தேவையில்லை. இவ்வளவு போதும்: "மஞ்சக்குப்பம், இந்த முகவரியில் உள்ள தங்கள் வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் நான், ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து, இந்தத் தேதி மாலைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன். அதுவரையிலான வாடகையைச் செலுத்திவிடுவேன். முன்பணமாகக் கொடுத்த தொகையை, நியாயமான பாக்கி ஏதும் இருந்தால் கழித்து, அன்று திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." முழு முகவரி, தேதி, தொகை, கையெழுத்து, புதிய முகவரி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். 'அடுத்த மாதவாக்கில்', 'கூடிய சீக்கிரம்' என்ற சொற்கள் மட்டும் கூடாது.

நோட்டீஸில் சொன்ன நாளில் வீடு உண்மையிலேயே காலியாக வேண்டும். "ஒரு கட்டிலும் ரெண்டு மூட்டையும் மட்டும் கிடக்கட்டும், ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிறேன்" என்றால் வீட்டை ஒப்படைக்கவில்லை என்று பொருள், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்காரர் கையில் கொடுத்து, எத்தனை சாவி, எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு அறையையும் கைபேசியில் படம் எடுங்கள், மின் மீட்டரையும் சேர்த்து. கடலூர்ப் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் மீட்டர் கணக்கெடுப்பு என்பதால், நீங்கள் கிளம்பும் நாளில் கடைசி பில் வந்திருக்காது. அன்றைய ரீடிங்கைச் சாவி கொடுத்த சீட்டிலேயே குறித்து, அதுவரை உள்ள யூனிட்டுக்கு ஒரு தொகையைப் பேசித் தீர்த்துவிட்டு வண்டியை ஏற்றுங்கள்.