படம் திரைக்கு வருவதற்குள் புத்தகத்தை முடிப்பது எப்படி?

குழந்தைகள் நாவல் ஒன்று படமாகிறது என்ற அறிவிப்புக்கும் அது திரைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தே பலர் அந்தக் காலத்தைக் கழிக்கிறார்கள். நானோ கடலூரில் என் அக்கா மகளுக்கு அந்தப் புத்தகத்தை உரக்க வாசிக்கிறேன். சிரிப்பையும் திகிலையும் ஒரே இலையில் பரிமாறுகிற கதை என்றால் எங்கள் இருவருக்கும் கொண்டாட்டம். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக எங்கள் முறையைச் சொல்கிறேன்.

படி 1: சின்னக் கதையில் ஆழம் பாருங்கள்

எடுத்த எடுப்பிலேயே நாவல் வேண்டாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை கைவசம் இருக்கிறதே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பவர்கள். அதுவரை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பின்பக்கம் சில்லிட்டுப்போய்க் குரு செத்துப்போகும் கடைசிக் கதையில்தான் சோதனை. அங்கேயும் சிரித்தால் அடுத்த படிக்குப் போகலாம். முகம் சுருங்கினால் ஒரு மாதம் பொறுங்கள். அழுதால் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சுண்டல் வாங்கிக்கொடுங்கள்.

படி 2: புத்தகம் முதலில், படம் பிறகு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஏன் என்று சொல்ல ஒரு கதையின் முடிவை உடைக்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் மூன்றாம் படிக்குத் தாவிவிடுங்கள்.

ரோல் தால் 1983-இல் எழுதிய ‘தி விட்சஸ்’ நாவலில் சூனியக்காரிகள் ஒரு சிறுவனை எலியாக்கிவிடுகிறார்கள். கடைசிவரை அவன் எலிதான். அவனுக்கு இன்னும் ஒன்பது ஆண்டு ஆயுள் இருக்கலாம் என்கிறார் பாட்டி. பாட்டிக்கு வயது 86. பாட்டி போன பிறகு தனியாக இருக்க வேண்டியதில்லை என்று பையனுக்கு ஒரே சந்தோஷம்! 1990-இல் வந்த படத்திலோ அவனை மறுபடி மனிதனாக்கி முடித்துவிட்டார்கள். தாலுக்கு அது பிடிக்கவே இல்லை. 2020-இல் எடுத்த படம் அவனை எலியாகவே விட்டுவைத்தது. நாங்கள் புத்தகம் முடித்த கையோடு பழைய படத்தைப் பார்த்தோம். “எலியாகவே இருந்திருக்கலாமே மாமா” என்று அவள் கோபித்துக்கொண்டாள். படத்தை முதலில் பார்த்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்குமா?

படி 3: வாசிப்பவர் சிரிக்கக் கூடாது

எல்லாரும் தவறுகிற இடம் இது. வேடிக்கையான வரி வருகிறது என்று தெரிந்ததுமே குரல் இளித்துவிடும். இதற்கு எனக்குக் குரு எங்கள் பாட்டி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் சமையலறைக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் ஈர விறகை ஊதிக்கொண்டே பாட்டி சொன்னார்: “புகைபோக்கி வையுங்கள் என்று பத்து வருடமாகக் கேட்டேன். நேற்றுக் காற்று ஒரே நாளில் வைத்துவிட்டது.” அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் விழித்தோம். அந்தத் திகைப்புதான் உங்களுக்கும் வேண்டும். பஞ்சாங்கம் படிப்பது போல நிதானமாக வாசியுங்கள்.

இந்தக் குரலுக்குப் பயிற்சி வேண்டுமானால், லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் 1999 முதல் 2006 வரை வந்த 13 புத்தக வரிசையை எடுங்கள். அனாதைகளான மூன்று பிள்ளைகளின் கதை. இதைப் படிக்காதீர்கள், வேறு நல்ல புத்தகம் பாருங்கள் என்று கதைசொல்லியே கெஞ்சுவார். 2004-இல் வந்த படம் முதல் மூன்று புத்தகங்களையும் ஒன்றாக அமுக்கிவிட்டது.

ஆங்கிலப் புத்தகம் என்றால் ஒரு பத்தியை மனத்துக்குள் படித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைச்சுவை செத்துவிடும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, மின்சாரமும் போன கார்த்திகை இரவு கிடைத்தால் விடாதீர்கள்.

படி 4: ஊகச் சீட்டு

புத்தகம் முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்து வையுங்கள்: படத்தில் எதை வெட்டுவார்கள், எந்த முடிவை மாற்றுவார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

படி 5: டிக்கெட்

சான்றிதழைப் பாருங்கள். 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ பிரிவில் 7+, 13+, 16+ என்று வயது தனித்தனியாகக் குறிக்கப்படுகிறது. ஆங்கிலமா, தமிழ் டப்பிங்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை கேட்காமல் மூன்று பேரை பஸ் ஏற்றிப் பாண்டிக்கு அழைத்துப்போனேன். சீட்டில் ஆங்கிலம் என்றிருந்தது. திரையில் கோட்டை வாசலில் நின்ற கிழட்டுச் சூனியக்காரி மதுரைத் தமிழில் அதட்டினாள். எனக்கு எரிச்சல், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஊகச் சீட்டுகளைத் திரும்பி வரும் பஸ்ஸில் பிரியுங்கள். எங்கள் பந்தயப்படி தோற்றவர் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கடந்த இரண்டு படங்களுக்கும் நான் நடுவில் உட்கார்ந்துதான் கடலூர் வந்து சேர்ந்தேன்.