திருமலைச் சந்தையில் புதிதாய் வந்து தங்கியிருப்போர் விடும் பிழைகள்

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் பழக்கத்தோடு திருகோணமலையில் ஒரு வருடம் இரண்டு வருடம் தங்க வருகிறவர்கள் சந்தையில் ஏமாறுவது பெரும்பாலும் விலையால் என்று நினைக்கிறார்கள். ஆனால் காசு கூடுதலாய்ப் போவது கிழமைக் கணக்கில், அதாவது வாரச் சாமானை வாங்கும் முறையில்தான். சனிக்கிழமை ஒருதரம் போய் ஏழு நாளுக்கும் தேவையானதை ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு வருவது குளிர்நாட்டுக்குப் பொருந்தும். இங்கே வைகாசியிலிருந்து ஆவணி வரை வெயில் 35 பாகையைத் தொடும். அதோடு கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றும் சேர்ந்தால், ஓட்டோவில் வீடு போய்ச் சேருவதற்குள் கீரை துவண்டுவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் அதே கீரை வாடாது, அழுகும். புதன்கிழமை பிரிட்ஜைத் திறந்தால் பாதிச் சாமான் குப்பைக்குப் போக வேண்டியதாய் இருக்கும்.

கிழமைக்கு ஒருதரம் போவதில் பிழையில்லை. எதை எந்த நாளில் சமைப்பது என்று சந்தையில் நின்றே பிரித்து வாங்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குக் கீரையும் முருங்கையிலையும். மூன்றாம் நான்காம் நாளுக்குப் பயித்தங்காய், வெண்டி, கத்தரி, போஞ்சி. கிழமைக் கடைசிக்குப் பூசணி, நீத்துப்பூசணி, பீற்றூட், கரட், உருளைக்கிழங்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கீரை மூன்று கட்டுக்கு மேல் வேண்டாம். பயித்தங்காயும் கத்தரியும் அரைக் கிலோ படி, பச்சை மிளகாய் 250 கிராம், சின்ன வெங்காயம் ஒரு கிலோ போதும். தக்காளி ஒரு கிலோ வாங்கினால் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் பொறுக்குங்கள். எல்லாம் பழமாக எடுத்தால் மூன்றாம் நாளே நீர் விடும். பூசணியில் வெட்டிய துண்டு வாங்கினால், வீட்டுக்குப் போன உடனே விதையையும் நாரையும் வழித்து எடுத்துவிட்டு வையுங்கள். அழுகல் எப்போதும் அந்த நாரில்தான் தொடங்கும்.

விலைப் பலகையை அவசரத்தில் வாசிப்பது அடுத்த பிழை. பலகையில் பெரிதாக எழுதியிருப்பது கிலோ விலை என்று எடுத்துக்கொண்டு இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, கணக்குக் கேட்டதும் திகைத்து நிற்பவர்கள் உண்டு. பல இடங்களில் எழுதியிருப்பது 250 கிராம் விலை. பச்சை மிளகாய், தேசிக்காய் போன்றவற்றுக்கு 100 கிராம் விலையும் போட்டிருப்பார்கள். வியாபாரி மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. இங்குள்ள சனம் காற்கிலோவாக வாங்குவதால் விலையும் அப்படியே எழுதப்படுகிறது. "கிலோ எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது. நிறுக்கும் முன் தராசின் முள்ளோ இலக்கமோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது யாருக்கும் அவமரியாதை இல்லை. உண்மையிலேயே நிறையில் பிழை என்றால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. முறையிட, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

5000 ரூபாய்த் தாளோடு காலையில் போகாதீர்கள். கீரைக் கட்டு விற்கும் அம்மாவின் மடியில் அந்த நேரம் மாற்றுக் காசு இருக்காது. அவர் பக்கத்துக் கடைக்கு ஓடித் திரிய, அவருடைய வியாபாரம் நிற்கும். 100, 500 தாள்களை முதல் நாளே மாற்றி வையுங்கள். பேரம் பேசுவதிலும் இடம் பார்க்க வேண்டும். பெரிய மீனுக்கும் மூன்று நான்கு கிலோ எடுக்கும் மரக்கறிக்கும் கேட்கலாம். கீரைக் கட்டில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விடியற்காலையில் பிடுங்கி, கழுவி, கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்த உழைப்பு அதில் இருக்கிறது.

சந்தையில் உள்ள எல்லாமே ஊர்ச் சாமான் என்று நம்புவதும் பிழைதான். கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், போஞ்சி பெரும்பாலும் மலையகத்திலிருந்து தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 110 கிலோமீற்றர் லொறியில் வருகின்றன. கழுவிப் பளபளவென்று அடுக்கிய கரட் கழுவாத கரட்டை விடச் சீக்கிரம் வழவழக்கும். அதைக் கிழமைக் கடைசிக்கு வைப்பதானால் ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள். நிலாவெளி, குச்சவெளி, மூதூர், தம்பலகாமம் பக்கத்திலிருந்து வருகிற கத்தரி, பயித்தங்காய், வெண்டி, சின்ன வெங்காயம், கீரை வகைகளுக்கு அவ்வளவு தூரப் பயணம் இல்லை. "அக்கா, இது ஊர்ச் சாமானோ, தம்புள்ளையிலயிருந்து வந்ததோ?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். முஸ்லிம் வியாபாரியை நானா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். நல்லதைப் பொறுக்கியே தருவார். வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். முறித்துவிட்டு வாங்காமல் போனால் அந்தக் காய் அன்றைக்கே கறுக்கும். விரல் நீளத்துக்கு மேல் போகாத, மெல்லிய சுணை தெரிகிற காயாக எடுத்தால் முற்றல் வராது.

இனி மீன். திருமலையில் இருந்துகொண்டு நல்ல மீன் சாப்பிடாமல் இருப்பது பாவம். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் அதிகம் பிழை விடுவதும், உடம்புக்குக் கேடு தேடிக்கொள்வதும் இதில்தான்.

நல்ல மீன் முடிந்துவிடும் என்று பயந்து முதலில் மீனை வாங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பிறகு ஒரு மணித்தியாலம் மரக்கறி பொறுக்குவதுதான் முதலாவது பிழை. மீனை முதலில் போய்ப் பாருங்கள். பிடித்ததைச் சொல்லி ஐஸில் வைக்கச் சொல்லுங்கள். மரக்கறி முடித்துவிட்டு வரும்போது வெட்டி எடுத்துக்கொள்ளலாம். சூரை, கெலவல்லை, சாளை, கீரி போன்ற மீன்களில் இது உயிர்நாடி போன்ற விசயம். அவற்றின் சதை வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அது உண்டான பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்து, சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். "எனக்குச் சூரை ஒத்துவராது" என்று சொல்பவர்கள் சிலருக்கு உண்மையில் ஒத்துவராதது சூரை இல்லை, வெயிலில் கிடந்த சூரை. மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூடியுள்ள ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்றை வாங்கி ஓட்டோவில் கூடவே கொண்டுபோங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே வெப்பநாட்டுக் கணக்கு. ஐஸைக் கட்டியாகப் போட்டு அதன்மேல் மீனை வைத்தால் தொடுகிற பக்கம் மட்டும்தான் குளிரும். உடைத்து, கீழே ஒரு படை ஐஸ், மேலே மீன், திரும்ப ஒரு படை ஐஸ். வெட்டிய மீனைப் பையில் கட்டி வைத்தால் உருகுகிற தண்ணீரில் ஊறிச் சதை வெளிறாது. மஞ்சளும் உப்பும் தடவிவிட்டால் மத்தியானம் வரை வெளியே வைக்கலாம் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. மணம் குறையுமே தவிர, அந்த வெக்கையில் மீனை அது காப்பாற்றாது.

புது மீனைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். கண் தெளிவாய்ப் பிதுங்கி நிற்க வேண்டும், பூ (செவுள்) சிவப்பாய் இருக்க வேண்டும், வயிறு இறுக்கமாய் இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்ப வேண்டும். மணல் புரண்டிருக்கிறது, ஆகவே இப்போதுதான் கரைவலையில் வந்தது என்று நினைப்பது பிழை. மணலைப் பிறகும் பூசலாம். பின்னேரம் மஞ்சள் விளக்கின் கீழ் வாங்குவதானால், மீனை வெளிச்சமுள்ள பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். வெட்டித் துண்டாக்கி வைத்த அறுக்குளா மீனில் கண்ணும் இல்லை, பூவும் இல்லை. துண்டின் ஓரம் காய்ந்து பழுப்பேறியிருந்தாலோ, நடுமுள்ளைச் சுற்றிச் சதை விட்டிருந்தாலோ தொடாதீர்கள்.

நிறை விசயத்தில் ஏமாற்றம் வருவது கணக்குத் தெரியாததால். மீனை முழுதாய் நிறுத்த பிறகுதான் வெட்டுவார்கள். ஒரு கிலோ பாரையைச் செதிள், குடல், பூ எடுத்து வெட்டினால் கையில் வருவது 600 முதல் 700 கிராம். அதற்கேற்றபடி கூட்டி வாங்குங்கள். வெட்டுகிறவருக்குத் தனிக் கூலி. அவர் "குழம்புக்கோ, பொரிக்கவோ" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே தடிப்பில் வரும். தலையைக் கேட்டு வாங்குங்கள், விளைமீன் தலைக் குழம்பை விட்டுவிட்டுப் போவது பெரிய நட்டம்.

காலத்தையும் மறக்கக் கூடாது. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை இந்தக் கடல் அமைதி, மீன் மலிவு. கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். படகுகள் குறையும், விலை ஏறும். அந்த நாட்களில் தட்டில் கிடப்பது வேறு கரையில் பிடித்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம். அப்போது இன்ன மீன்தான் வேண்டும் என்று பட்டியலோடு போய்ப் பிடிவாதம் பிடித்தால் பழைய மீனுக்குப் புது விலை கொடுத்து வருவீர்கள். அந்த மாதங்களில் கருவாடும் முட்டையும் பருப்பும் நல்ல துணை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. மொழி ஒன்றுதான், சாமானின் பெயர் வேறு. முந்திரிகை என்று கேட்டால் திராட்சை வரும். முந்திரிப் பருப்புக்கு மரமுந்திரிகை அல்லது கஜு. எலுமிச்சம்பழம் தேசிக்காய், முட்டைக்கோஸ் கோவா, பீன்ஸ் போஞ்சி, வேர்க்கடலை கச்சான், தட்டைப்பயறு கௌபி. சர்க்கரை கேட்டால் வெல்லம் போன்றதைத் தருவார்கள், வெள்ளைச் சர்க்கரை இங்கே சீனி. மிளகாய்த்தூளில்தான் பெரிய சிக்கல். வெறும் தூள் என்றால் மல்லி, சீரகம் எல்லாம் வறுத்துச் சேர்த்த கறித்தூளாகிவிடும். "தனி மிளகாய்த்தூள்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

மரவள்ளிக்கிழங்கை அடுத்த சனிக்கிழமைக்கென்று வாங்கி வைக்காதீர்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாய்க் கோடு விழும். வியாபாரியிடமே முனையை முறித்துக் காட்டச் சொல்லுங்கள், வெள்ளையாய் இருந்தால் எடுங்கள். தோலை முழுதாய் உரித்து, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நஞ்சு ஆவியாய்ப் போக வழி வேண்டும் என்பதே காரணம். கசக்கிற கிழங்கைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். கங்குன் கீரையும் வல்லாரையும் வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்திருக்கலாம். கங்குனை நன்றாக வேகவையுங்கள். பச்சையாய்ச் சம்பல் போடுகிற வல்லாரையை இலை இலையாக, ஓடுகிற தண்ணீரில் மூன்று தரம் அலசுங்கள். ஆனால் வாங்கி வந்த உடனே கழுவி வைக்காதீர்கள். ஈரத்தோடு வைத்த கீரை ஒரு இரவில் கறுக்கும். கட்டை அவிழ்த்து, அழுகல் இலையைக் கழித்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்துச் சமைக்கும்போது கழுவுவதே முறை.

தேங்காயை ஆட்டிப் பார்க்கும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும், கண் ஈரமாய் இருக்கக் கூடாது. குடுமியை முழுதாய் வழித்த தேங்காய் சீக்கிரம் பழுதாகும். தேங்காயின் கண் மறையும்படி கொஞ்சம் குடுமி விட்டதாக ஐந்து எடுத்தால் கிழமை ஓடும். அரிசியை அறுவடைக் காலத்தில், மாசி பங்குனியிலும் ஆவணி புரட்டாதியிலும், "புதுசு" என்று ஆசைப்பட்டுப் பத்துக் கிலோ வாங்கினால் சோறு குழையும். முதலில் ஒரு கிலோ வாங்கி ஆக்கிப் பாருங்கள், தண்ணீரைக் குறைக்க வேண்டி வரும்.

போயா (பௌர்ணமி) அன்று இறைச்சிக் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் சாத்தியிருக்கும். அதே வெள்ளியில் சைவ வீடுகளுக்கு மரக்கறி போவதால் வியாழன் பின்னேரம் கூட்டம் அதிகம்.

பை இரண்டு மூன்று, துணியால், கொண்டுபோங்கள். தேங்காயும் கிழங்கும் அடியில், தக்காளியும் கீரையும் மேலே. பொலித்தீன் பையை வழியில் எறிய வேண்டாம். நகருக்குள் திரியும் புள்ளிமான்கள் மரக்கறி மணத்துக்கு அதையும் சேர்த்து விழுங்கிவிடும், வயிற்றில் அடைத்துச் செத்துப்போகும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கீரைப் பையைத் தொங்கவிட்டுவிட்டு அப்பால் போனாலும் அவை வந்து மேய்ந்துவிடும்.

எருமைத் தயிரை எல்லாம் முடித்த பிறகு வாங்குங்கள். சட்டியைச் சாய்க்காமல் மேலே கட்டிய தாள் வழியே பார்த்தால், ஆடை விரிசலில்லாமல் இருக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் நிறையப் பிரிந்து நின்றால் புளித்துவிட்டது. ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், காலடியில் வைத்தால் குலுங்கி உடையும். பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை சீனியோடு சாப்பிடலாம், அதற்குப் பிறகு மோருக்கு நல்லது.