தூக்கத்தைப் பற்றி மனம் சொல்வதை நம்பிச் செய்யும் தவறுகள்

"ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை" என்று காலையில் சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர் சொல்வது பல நேரங்களில் உண்மையும் இல்லை. தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், கண்ணே மூடவில்லை என்று அடித்துச் சொன்ன சிலர் பல மணி நேரம் தூங்கியிருப்பது தெரியவரும். தூக்கத்தை அளக்க வேண்டிய மனமே தூக்கத்தில் மங்கிப்போகிறது. அந்த மனம் கொடுக்கும் கணக்கை அப்படியே நம்பிவிடுவதால்தான் தூக்க விஷயத்தில் நாம் பெரும்பாலும் தவறுகிறோம்.

தூங்கியதும் நனவு அணைந்துவிடுகிறது, விழித்ததும் மீண்டும் எரிகிறது என்று நினைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதேனியல் கிளைட்மனும், தூங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் கட்டங்கள் இருப்பதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அப்போது மூளை ஏறக்குறைய விழித்திருப்பதுபோலவே வேலை செய்கிறது. உடல் தசைகள் மட்டும் செயலற்றுக் கிடக்கின்றன.

ஆழ்ந்த தூக்கத்திலும் மூளை சும்மா இருப்பதில்லை. 2005இல் மூளை ஆய்வாளர்களான மார்செல்லோ மாசிமினி, ஜூலியோ டொனோனி குழுவினர் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையின் ஓரிடத்தைத் தூண்டினார்கள். விழித்திருப்பவரிடம் அந்த அதிர்வு ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பரவியது. ஆழ்ந்து தூங்குபவரிடமோ எழுந்த இடத்திலேயே சட்டென்று அடங்கிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். நனவு மறைவது என்றால் மூளை நின்றுபோவதல்ல, அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்துவது என்று இது காட்டுகிறது.

கனவுத் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடப்பதைப் புரிந்துகொண்டால், விழித்த பிறகும் உடலை அசைக்க முடியாமல் கிடக்கும் தூக்கமுடக்கத்தைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. விழிப்பு வந்துவிடுகிறது, கனவுத் தூக்கத்தின் தசைச் செயலின்மை இன்னும் விலகவில்லை. கனவின் மிச்சமும் அறைக்குள் கலந்துவிடுகிறது. அதனால்தான் யாரோ மார்பின்மேல் ஏறி அமுக்குவதுபோல் தோன்றுகிறது. மூச்சு நிற்காது, ஏனென்றால் மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் தொடர்ந்து இயங்குகிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகம் வரும். எனவே சரிசெய்ய வேண்டியது தூக்க நேரத்தை.

"ஆறு மணி நேரம் எனக்குப் பழகிவிட்டது" என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலரைத் தொடர்ந்து 14 நாட்கள் ஆறு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மட்டுமே தூங்கவிட்டார்கள். அவர்களுடைய கவனமும் எதிர்வினை வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. தூக்கக்கலக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதோ, முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். பழகிப்போனது அசதி உணர்வு மட்டுமே; இழப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுபவர் மூன்று விநாடி தன்னையறியாமல் கண்ணயர்ந்தால் வண்டி 66 மீட்டர் கடந்துவிடும். அப்படிக் கண்ணயர்ந்தது பலருக்குத் தெரிவதேயில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, தூங்கியே தீருவேன் என்று மல்லுக்கட்டுவது. இரண்டே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்து, "இப்போது தூங்கினால்கூட மூன்று மணி நேரம்தான்" என்று கணக்குப் போடத் தொடங்கினாலே மனம் உஷாராகிவிடுகிறது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது அமைதியான வேலை செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். படுக்கையும் விழிப்பும் மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் தடுக்கும் இந்த முறையை உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்தார். இன்றும் தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. விட்ட தூக்கத்தைப் பிடிக்கக் காலையில் வெகுநேரம் படுத்துக் கிடக்காதீர்கள். அடுத்த இரவும் தள்ளிப்போகும்.

மது சீக்கிரம் தூங்கவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரவின் முற்பகுதியில் கனவுத் தூக்கத்தைக் குறைத்து, பிற்பகுதியைத் துண்டு துண்டாக்கிவிடும். காபியின் கஃபீனில் பாதி, பலருக்கு ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். தூங்கும்போது பாடத்தை ஒலிக்கவிட்டால் மனப்பாடமாகும் என்பதும் நடக்காது. உண்மையிலேயே தூங்கியவர்களுக்குக் காலையில் எதுவும் நினைவில் இல்லை என்று மூளை அலைப் பதிவோடு செய்த சோதனைகள் 1956இலேயே காட்டின. கைக்கடிகாரக் கருவிகள் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்தே தூக்க நிலைகளை ஊகிக்கின்றன. அவை காட்டும் எண்ணுக்காகக் கவலைப்பட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

குறட்டை விடுபவர் தன் நிலையைத் தானே அறிய முடியாது. தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்று, திணறி மீண்டும் தொடங்குவதை அருகில் படுத்திருப்பவர்தான் பார்க்கிறார். அவர் அப்படிச் சொன்னால், "நான் நன்றாகத்தான் தூங்கினேன்" என்று வாதிடாமல், பகலில் அடிக்கடி கண்ணைச் சுழற்றுகிறதா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தனியாகப் படுப்பவர் இரவில் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து எடுத்துச்செல்லலாம்.