டீசல் என்ஜின் பம்பு ஷாஃப்ட் முறுக்கி அதிர்கிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்ற, மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் டீசல் என்ஜின்தான் கதி. புகைக்குப் பயந்து என்ஜினைக் கொட்டகைக்கு வெளியே வைத்து, நடுவே ஒரு மீட்டர் ஷாஃப்ட் போட்டுப் பம்பை ஓட்டும் செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேரிங் மேல் கை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் அடியில் கருப்பாக ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும், கொஞ்ச நாளில் கீவே (ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலையிலிருந்து 45 டிகிரி சாய்வில் விரிசல் கிளம்பும். அலைன்மென்ட் சரியில்லை என்பார்கள், முதலில் அதைத்தான் பார்க்கவும் வேண்டும். சரி செய்த பிறகும் தூள் கொட்டினால், ஷாஃப்ட் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும் முறுக்கு அதிர்வைச் சந்தேகப்படுங்கள்.

ஷாஃப்ட் சுற்றுகிறதே என்று மிரள வேண்டாம். ஒரு முனை இன்னொரு முனையை விட எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும், இரண்டும் சேர்ந்து சுற்றுவது கணக்கிலிருந்து தானாகவே கழன்றுவிடும். ஃப்ளைவீல் பக்கத்துக் கோணம் கோ1, பம்பு பக்கம் கோ2. நிலைமத் திருப்புத்திறன் நி1, நி2. ஷாஃப்டின் விறைப்பு வி, அலைவைத் தேய்க்கும் தடை த. என்ஜின் தரும் திருப்பு விசை தி1, பம்பு இழுப்பது தி2. கோ1′ என்றால் கோண வேகம், கோ1″ என்றால் கோண முடுக்கம்.

நி1 × கோ1″ + த × (கோ1′ − கோ2′) + வி × (கோ1 − கோ2) = தி1

நி2 × கோ2″ − த × (கோ1′ − கோ2′) − வி × (கோ1 − கோ2) = −தி2

முதலாவதை நி1 ஆலும் இரண்டாவதை நி2 ஆலும் வகுத்துக் கழியுங்கள். மு = கோ1 − கோ2 என்றால் மிஞ்சுவது ஒரே ஒரு சமன்பாடு:

மு″ + (த/நி) × மு′ + (வி/நி) × மு = தி1/நி1 + தி2/நி2

இதில் நி = நி1 × நி2 / (நி1 + நி2). கல்லூரி முதல் வருடத்தில் படித்த அதே தடையுறு அலைவுச் சமன்பாடுதான்.

எண்களைப் போடலாம். ஷாஃப்ட் 25 மில்லிமீட்டர் விட்டம், எஃகின் விறைப்புக் குணகம் 80 ஜிகாபாஸ்கல். குறுக்குவெட்டின் துருவத் திருப்புத்திறன் பை × விட்டம்⁴ / 32. அதைக் குணகத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் வி = 3068 நியூட்டன் மீட்டர்/ரேடியன். நி1 = 0.8, நி2 = 0.02 கிலோகிராம் மீட்டர்² என்று வைத்தால் நி = 0.0195. இயல்பு அதிர்வெண் 63.1 ஹெர்ட்ஸ் வரும்.

ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் அது 12.5 ஹெர்ட்ஸ். வெடிப்பு ஒரே அடியாக விழுவதால் 25, 37.5, 50, 62.5 என்று எல்லா மடங்குகளும் கூடவே வரும். ஐந்தாவது மடங்கைப் பாருங்கள்: 62.5. நம் ஷாஃப்ட் 63.1. ஒத்ததிர்வுக்கு இதை விட வசதியான இடம் கிடையாது.

தடை விகிதத்தை (அலைவே வராமல் அடக்கத் தேவையான தடையில் நம் தடை எத்தனை பங்கு என்பதை) ஊகித்துப் போடாமல் அளந்து போடுங்கள். ஃப்ளைவீலை அசையாமல் கட்டிவிட்டு, 45 டிகிரியில் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் இழுபடுவதை அளக்கும் பட்டை) ஒட்டி, பம்பு பக்கத்தை முறுக்கி விட்டுவிட்டால் அலை தேய்ந்து போவது தெரியும். ஐந்து அலைவில் வீச்சு பாதியானால், 2 இன் இயல் மடக்கையை (ln) ஐந்தால் வகுத்து 0.139. அதை 2 × பை ஆல் வகுத்தால் சுமார் 0.022. நான் கீழே 0.02 என்றே வைக்கிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், நிற்கும்போது அளந்த தடையில் தண்ணீரின் பங்கு இருக்காது, ஓடும்போது கொஞ்சம் கூடவே இருக்கும்.

அந்தத் தடைக்கு 62.5 ஹெர்ட்ஸில் பெருக்கம் (ஒத்ததிர்வால் முறுக்கு எத்தனை மடங்காகிறது என்பது) சுமார் 23 மடங்கு. ஐந்தாவது மடங்கின் வீச்சு 20 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். ஷாஃப்டுக்குப் போவது அதில் நி2/(நி1 + நி2) பங்குதான், அதாவது 0.49 நியூட்டன் மீட்டர். (பெரிய ஃப்ளைவீல் நமக்குச் செய்யும் உபகாரம் இது.) 23 ஆல் பெருக்கினால் 11. பம்பு இழுக்கும் சராசரி 22 என்றால், ஷாஃப்ட் வினாடிக்கு 62 தடவைக்கு மேல் 11க்கும் 33க்கும் நடுவே ஆடுகிறது. கீவே மூலை தாங்குமா?

எக்செலில் நேரத்துக்கு நேரம் ஓட்டிப் பார்க்க நினைத்தால் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வேகத்தை வைத்துப் புதிய முறுக்கைக் கணக்கிடும் ஆய்லர் முறையில், படி 0.0001 நொடிக்கு மேல் போனாலே தடை தோற்று அலை வளர ஆரம்பிக்கும், 0.0005 வைத்தால் திரையே வெடித்துவிடும். அது ஷாஃப்டின் குணமல்ல, முறையின் குணம். முதலில் புதிய வேகத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புதிய வேகத்தாலேயே முறுக்கை நகர்த்துங்கள், அடங்கிவிடும். பைத்தான் தெரிந்தவர்கள் நாலாம் படி ருங்கே-குட்டா போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். எப்படியும் முதல் அரை நொடியைப் பார்க்காதீர்கள், அது தொடக்கக் குலுக்கல்.

இனி மாற்று வழிகள். ரப்பர் கப்ளிங் போட்டால் சரியாகிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கப்ளிங்கின் விறைப்பு 600 என்றால் ஷாஃப்டோடு தொடராகச் சேர்ந்து மொத்தம் 502 ஆகும், அதிர்வெண் 25.5 ஹெர்ட்ஸ். நேராக இரண்டாவது மடங்கான 25 மேல் போய் உட்காரும், அதுவும் ஐந்தாவதை விடப் பலமான அடி! ரப்பரின் கூடுதல் தடை பெருக்கத்தைக் குறைக்கும் என்றாலும், அந்தச் சூட்டை உறிஞ்சப் போவது அந்த ரப்பர்தான். 2500 விறைப்புள்ளது கிடைத்தால் 42.3 ஹெர்ட்ஸ், 37.5க்கும் 50க்கும் நடுவில் விழும். ஷாஃப்டை 28 மில்லிமீட்டராக்கினால் 79.2.

காசே செலவில்லாத வழி, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். 1400 சுற்றுக்கு இறக்கினால் ஐந்தாவது மடங்கு 58.3, ஆறாவது 70, ஷாஃப்ட் இரண்டுக்கும் நடுவில். ஐந்தாவதின் பெருக்கம் 23 இலிருந்து 7க்கு வந்துவிடும். தண்ணீர் ஏழு சதவீதமாவது குறையும், நாற்றங்காலுக்கு அது போதும் என்றால் கப்ளிங் கடைக்குப் போகும் முன் இதைச் செய்து, ஒரு வாரம் கழித்துத் தூள் கொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.