'பிரவுன்' என்று எழுத வந்தால் பாதி வேலை முடிந்தது

மதுரையில் முப்பது வருடம் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதியவன் நான். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ் காய்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பேத்திக்கு ஆங்கிலக் கூட்டெழுத்து சொல்லித் தரும் வேலைதான் இப்போது.

பள்ளியில் கொடுத்த கையேட்டில் ஏ முதல் இசட் வரை புள்ளி வைத்த எழுத்துகள் இருந்தன. புள்ளிமேல் எழுதி எழுதி ஒரு மாதத்தில் 26 எழுத்தும் அவள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் 'பிரவுன்' எழுது என்றால், ஐந்து எழுத்தும் சண்டை போட்ட பங்காளிகள்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. கையேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

முதல் வாரம் பென்சிலே தொடவில்லை. சிமென்ட் தரையில் சாக்பீஸால் முழ உயரத்துக்கு எழுத வைத்தேன். பலகை எழுதுகிறவனுக்குத் தெரியும், வளைவு விரலிலிருந்து வருவதில்லை, தோளிலிருந்து வருகிறது.

அகர வரிசை இதற்கு உதவாது. 'சி' வளைவு வந்துவிட்டால் ஏ, ஜி, க்யூ, ஓ எல்லாம் அதன் பிள்ளைகள். அடுத்து எல், ஈ, எச், கே என்று கண்ணி போடும் எழுத்துகள். எம், என் இரண்டுக்கும் நான் மெனக்கெடவே இல்லை. "மூன்று சுழி ண எழுதுவாய் அல்லவா, அதுபோல எம்முக்கு மூன்று மேடு, இரண்டு சுழி ன போல என்னுக்கு இரண்டு" என்றேன். பிடித்துக்கொண்டாள்.

பிறகு நான்கு கோட்டு நோட்டு. எழுத்து மூன்றாவது கோட்டில் உட்கார வேண்டும். வலக்கைப் பிள்ளையென்றால் நோட்டின் தலைப்பக்கம் சற்று இடப்புறம் சாயட்டும், இடக்கைப் பிள்ளையென்றால் வலப்புறம். கீழிறங்கும் கோட்டை வயிற்றைப் பார்த்து இழுக்கச் சொல்லுங்கள், சாய்வு தானாக வந்துவிடும். பென்சிலை ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், அதற்குமேல் எழுதுவது வெறும் கிறுக்கல்.

உண்மையான பாடம் இணைப்பில் இருக்கிறது. பெரும்பாலான எழுத்துகள் தரையில், அதாவது மூன்றாவது கோட்டில் முடிந்து அடுத்ததற்குக் கை நீட்டுகின்றன. 'பிரவுன்' சொல்லின் முதல் எழுத்தான பி, ஓ, வி, டபிள்யூ இந்த நான்கு மட்டும் மாடியிலிருந்து, இரண்டாவது கோட்டிலிருந்து கை நீட்டும். பேத்தி ஓவை எழுதிவிட்டு வழக்கம்போல வாலைத் தரைக்கு இறக்கினாள். ஓ, ஏ ஆகிவிட்டது. "தாத்தா, நான் ஓதானே போட்டேன்?" என்று கண் கலங்கினாள். ஓவின் உச்சியிலிருந்து என்னின் முதல் மேட்டுக்கு ஒரு சிறு தொட்டில் கட்டிக் காட்டினேன். "கயிறு தரையில் படக்கூடாது" என்றேன். அன்றைக்கு அந்த ஒரு இணைப்பை மட்டும் இருபது முறை எழுதினாள், வேறு எதுவும் இல்லை.

'பிரவுன்' சொல்லில் அந்த நால்வரில் மூவர் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பத்து நாள் ஆயிற்று.

சொல் முடியும்வரை பென்சிலை எடுக்கக் கூடாது. ஐயின் புள்ளியும் 'டேபிள்' சொல்லின் முதல் எழுத்துக்கான குறுக்குக் கோடும் கடைசியில்தான். அழிரப்பரை நான் ஒளித்து வைத்துவிட்டேன். தப்பாக எழுதியதும் அங்கேயே இருக்கட்டும், கீழே சரியாக எழுதினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரிய எழுத்துகளுக்கு அவசரமே இல்லை. அவள் பெயரின் முதலெழுத்து மட்டும் இப்போதைக்குப் போதும்.

பிள்ளைக்குக் கை நிதானப்பட்டதா என்று பார்க்க 'மினிமம்' எழுதச் சொல்லுங்கள். புள்ளிகளை விட்டுவிட்டால் வரிசையாகப் பதினைந்து கீழிறங்கும் கோடுகள்தான் அந்தச் சொல். எல்லாம் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். நேற்று எழுதினாள். சாய்வு பிரமாதம், எண்ணிப் பார்த்தால் பதினாறு. இன்று மாலை மறுபடியும் உட்காருகிறோம்.