சந்தேகப்படும்போது செய்யும் தவறுகள்: பிரமிடு முதல் பருவநிலை வரை

“நான் எதையும் சுலபத்தில் நம்பிவிட மாட்டேன்” என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தலையாட்டாமல், ஏன், எப்படி என்று கேட்டவர்களால்தான் வரலாறும் அறிவியலும் வளர்ந்தன. ஆனால், பிரமிடுகளை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள், புவி வெப்பமாவது கட்டுக்கதை, எழுபதுகளில் இதே விஞ்ஞானிகள் பனியுகம் வரும் என்று பயமுறுத்தினார்கள் என்றெல்லாம் கைபேசியில் செய்தி அனுப்புகிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். அவர்களில் பலர் படித்தவர்கள். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாதவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நல்ல கேள்விகளே. கேட்டபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. அடிக்கடி கண்ணில் படும் சில தவறுகளை உதாரணங்களுடன் விளக்குகிறேன்.

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைத் தேடாமல் விடுவது

எகிப்தின் கீசாவில் இருக்கும் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடில் ஏறக்குறைய 23 லட்சம் கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லின் சராசரி எடை இரண்டரை டன். இரும்புக் கருவிகள் புழக்கத்துக்கு வராத காலம். “எப்படி முடிந்தது?” என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். தவறு அடுத்த நொடியில் நிகழ்கிறது. “எனக்குத் தெரியவில்லை” என்பது “யாருக்கும் தெரியாது” ஆகிறது. அது உடனே “மனிதர்களால் முடிந்திருக்காது” ஆகிவிடுகிறது.

பதில் இருக்கிறதா என்று தேடினால் கிடைப்பது வேற்றுக்கிரகவாசிகளைவிடச் சுவையான செய்தி. 2013ஆம் ஆண்டு, செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில், பியேர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருள்களின் துண்டுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையானவை அவை. அவற்றில் ஒன்று, மெரெர் என்ற மேற்பார்வையாளரின் வேலைப் பதிவேடு. நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள துரா சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றியது, இரவு எங்கே தங்கியது, கீசாவில் எப்போது இறக்கியது என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறார். பத்து நாளில் இரண்டு அல்லது மூன்று நடை. பணிக்கு மேலாளராக இருந்த அங்க்-ஹாஃப், மன்னர் கூஃபுவுக்கு மாற்றாந்தாய் வழிச் சகோதரர். நம் ஊர் லாரி டிரிப் ஷீட்டில் இருக்கும் அத்தனை விவரமும் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தாளில் இருக்கிறது.

பிரமிடின் உட்பகுதிக் கற்கள் பெரும்பாலும் கீசா மேட்டிலேயே வெட்டப்பட்டவை. வெட்டிய பள்ளத்தை இன்றும் பார்க்கலாம். கட்டியவர்கள் குடியிருந்த பகுதியை தொல்லியலாளர் மார்க் லேனர் தலைமையிலான குழு தோண்டியது. ரொட்டி சுட்ட அடுப்புகள், உண்ட மாடு, ஆடுகளின் எலும்புகள் எல்லாம் வெளிவந்தன. தொழிலாளர்களின் கல்லறைகள் 1990இல் கிடைத்தன. முறிந்து, சிகிச்சைக்குப் பின் கூடிய எலும்புகள் அங்கிருந்த எலும்புக்கூடுகளில் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய பிரமிடு திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் ஜோசர் மன்னருக்காக சக்காராவில் படிப் பிரமிடு எழுந்தது. பிறகு கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு காலத்தில் தாஷூரில் ஒன்றைக் கட்டத் தொடங்கி, பாதி உயரத்தில் சரிவு அதிகம் என்று உணர்ந்து கோணத்தைக் குறைத்தார்கள். அதனால் அது நடுவில் மடிந்ததுபோல் இன்றும் நிற்கிறது. வேறு உலகத்திலிருந்து வந்த மேதைகள் பாதி வழியில் கணக்கை மாற்றுவார்களா? அந்த மடிப்பு, கற்றுக்கொண்டே கட்டிய மனிதர்களின் கைவண்ணம்.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் பார்த்து “இதை யார் வந்து கட்டிக் கொடுத்தார்கள்?” என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எகிப்துக்கும் மாயர்களுக்கும் நமக்கும்தான் ஒதுக்கப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டி அப்படிப் பேசுகிறவர்களைத் தமிழிலேயே கண்டு வருந்தியிருக்கிறேன். கட்டியவர் பெயர் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. அங்கு குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயில் ஆடல்மகளிரின்) பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களிடமிருந்து அந்தப் பெருமையைப் பறித்து, பெயரில்லாத விண்வெளிக்காரனுக்குக் கொடுப்பது அநியாயம்.

பிறர் நம்பிக்கையை மட்டும் சோதிப்பது

அதே தஞ்சைக் கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம்! காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ பிராகாரத்தில் நின்றால் நிழல் நீளமாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். உலகத்தையே சந்தேகிப்பவர் இதை மட்டும் சோதிக்காமல் விடுவது ஏன்? பெருமைக்குரிய இடத்தில் கேள்வி கேட்டால் பெருமை குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். இராசராசனின் பெருமைக்கு நிழல் விழுவதால் ஒரு குறையும் வராது.

இலெமூரியா கண்டமும் இப்படித்தான். அந்தப் பெயரைச் சூட்டியவர் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், ஆண்டு 1864. லெமூர் இன விலங்குகளின் தடயங்கள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கின்றனவே, இடையில் நிலம் இருந்திருக்குமோ என்ற ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று பின்னாளில் தெரிந்தபோது, மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமல் போனது. அதற்காக நம் இலக்கியங்களில் வரும் கடல்கோள் செய்திகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகி கடல் ஏறியபோது உலகெங்கும் கரைகள் மூழ்கின; குமரிக்கரையும் அதற்கு விலக்கல்ல. கரையில் நிலம் இழந்தது வேறு, ஆஸ்திரேலியா வரை நீண்ட கண்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி நம்புவதும் தவறு, ஒன்றாக்கி மறுப்பதும் தவறு.

ஒரே தராசை ஓரிடத்தில் ஏற்று, வேறிடத்தில் மறுப்பது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தத் தவறுதான்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் காலத்தைச் சொன்னது கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14. அது வளிமண்டலத்தின் மேலடுக்கில் அண்டக்கதிர்களால் உருவாகிறது. செடிகொடிகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மரம் செத்தபின் புதிதாக வரவு கிடையாது. இருப்பதும் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு பழையவை; அவற்றில் கார்பன்-14 அறவே இல்லை. அவற்றை எரித்தால் வரும் கரியமில வாயுவிலும் இருக்காது. ஆகவே நாம் எரிப்பதுதான் காற்றில் சேர்கிறது என்றால், காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போயிருக்க வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் மரங்களில் அளந்து, அது உண்மையிலேயே நீர்த்துப்போயிருக்கிறது என்று 1955இல் காட்டினார். காலக்கணிப்பு ஆய்வகங்கள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் இயங்குகின்றன. அவர்களுடைய அடிப்படை அளவுகோல், தொழிற்சாலைப் புகையின் பாதிப்பு இல்லாத 1890ஆம் ஆண்டு மரத்தை ஒட்டி அமைந்தது. கீழடிக் கரிக்கு வயது சொன்ன முறைக்குள்ளேயே, மனிதன் காற்றை மாற்றிவிட்டான் என்ற உண்மை உட்கார்ந்திருக்கிறது. முதலாவதைக் கொண்டாடிவிட்டு, இரண்டாவது சதி என்று சொல்ல முடியாது.

கூர்மையான சந்தேகவாதி இங்கே குறுக்கிட வேண்டும்: எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இருக்காதே? சரியான கேள்வி. எரிமலைகள் ஆண்டுதோறும் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் ஒரு சதவீதம்கூட இல்லை என்பது ஒரு பதில். இன்னொரு பதில் ஆக்சிஜனில் இருக்கிறது. எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். எரிமலைக்கு அந்தச் செலவு இல்லை. சுமார் 35 ஆண்டுகளாகக் காற்றின் ஆக்சிஜனை ரால்ஃப் கீலிங் நுட்பமாக அளந்துவருகிறார். மூச்சுமுட்டும் அளவுக்கு இல்லை என்றாலும், எரிபொருள் கணக்குடன் ஒத்துப்போகும் விதத்தில் அது குறைந்துகொண்டே வருகிறது. அவருடைய தந்தை சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

“சூரியன்தான் காரணம்” என்பதற்கும் சோதனை உண்டு. சூரியன் கூடுதலாகச் சுட்டால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிர்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கும் சூரிய ஆற்றலிலும் ஏறுமுகம் இல்லை.

ஒரு நாளை, ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டுவது

2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற அமெரிக்க செனட்டர், வெளியே பனி பெய்கிறது பாருங்கள் என்று ஒரு பனி உருண்டையைச் சபைக்குள் கொண்டுவந்து வீசினார். 1998க்குப் பிறகு வெப்பம் ஏறவே இல்லை என்று பல காலம் சொன்னவர்களும் செய்தது இதையே. அது வலுவான எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலக வெப்பத்தையும் ஏற்றிவிட்ட ஆண்டு. அந்தச் சிகரத்திலிருந்து கோடு போட்டால் எதுவும் சரிவாகத்தான் தெரியும்.

நம் பக்கமும் இதே தவறைச் செய்கிறோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும் “பருவநிலை மாற்றத்தின் கோரமுகம்” என்றோம். அந்த மழையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு, புவி வெப்பமாதலின் தாக்கத்தை அதில் கண்டறிய முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. பருவநிலை விஞ்ஞானிகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படத்தில் பார்த்ததை வரலாறு என்று எடுத்துக்கொள்வது

வைக்கிங் வீரன் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறது. வைக்கிங்குகள் கொம்புக் கவசத்துடன் போருக்குப் போனதற்குத் தொல்லியல் சான்று இல்லை. 1876இல் ஜெர்மனியில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு ஆடை வடிவமைத்தவர் மாட்டிவிட்ட கொம்பு அது. கீசாவில் இருக்கும் சிங்க உடலும் மனித முகமும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலையின் மூக்கை நெப்போலியனின் பீரங்கி உடைத்ததாகச் சொல்வார்கள். அவர் எகிப்துக்குப் போனது 1798இல். 1737இல் நோர்டன் என்ற டென்மார்க் பயணி வரைந்த படத்திலேயே மூக்கு இல்லை.

இவற்றால் பெரிய கேடு எதுவும் இல்லை. போலிப் படங்களின் கதை வேறு. “வரப்போகும் பனியுகத்தைச் சமாளிப்பது எப்படி” என்ற தலைப்புடன், பென்குவின் நிற்கும் ‘டைம்’ இதழின் 1977 அட்டை ஒன்று சுற்றிவருகிறது. அப்படி ஓர் அட்டை வரவே இல்லை. 2007 ஏப்ரலில், புவி வெப்பமாதல் பற்றி வந்த அட்டையைத் திருத்திச் செய்த போலி அது. எழுபதுகளில் சில பத்திரிகைகள் குளிர்ச்சி பற்றி எழுதியது மெய்தான். ஆனால் 1965 முதல் 1979 வரை வந்த ஆய்வுக்கட்டுரைகளை 2008இல் மூவர் எண்ணிப் பார்த்தபோது, குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44.

எது கிடைத்தால் ஏற்பேன் என்று சொல்லாமலே சந்தேகப்படுவது

ரிச்சர்ட் முல்லர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். பருவநிலை ஆய்வுகளை வெளிப்படையாகக் குறை கூறியவர். அவருடைய சந்தேகங்கள் குறிப்பானவை: நகரங்களின் சூட்டை உலகச் சூடாகக் காட்டுகிறார்களா? மோசமான வானிலை நிலையங்களின் அளவுகளைச் சேர்த்திருக்கிறார்களா? தங்களுக்குச் சாதகமான நிலையங்களை மட்டும் பொறுக்கினார்களா? தரவுகளைத் ‘திருத்தும்’போது கைவரிசை காட்டினார்களா? 2010இல் தனிக் குழு அமைத்தார். செலவுக்குக் கொடுத்தவர்களில் பருவநிலைக் கொள்கைகளை எதிர்த்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. 30,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைப் புதிதாக அலசினார்கள். நான்கு சந்தேகங்களும் நிற்கவில்லை. நிலப்பரப்பின் வெப்பம் 250 ஆண்டுகளில் சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று 2012இல் தம் பெயரிலேயே எழுதினார்.

அந்த ஆய்வு என்ன சொன்னாலும் ஏற்பேன் என்று முன்கூட்டியே அறிவித்தவர்களும் இருந்தார்கள். முடிவு வந்ததும் அவர்கள் முறையில் குறை கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவருடன் வாதாடும் முன் நான் ஒன்றே ஒன்றைக் கேட்பது வழக்கம்: “எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்கள்? இப்போதே சொல்லிவிடுங்கள்.” திட்டவட்டமாக ஒன்றைச் சொன்னால் சேர்ந்து தேடலாம், அவர் சொல்வது சரியாக இருந்தால் நானும் மாறிக்கொள்ள வேண்டும். “எதைக் காட்டினாலும் நம்ப மாட்டேன்” என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.