குழந்தைகளுக்கான கதைக்கு ஏஜென்ட் தேடுவது எப்படி? டர்பனிலிருந்து ஒரு செய்முறை

ஏஜென்டிடம் கதையை அறிமுகப்படுத்தி எழுதும் க்வெரி கடிதம், எனக்கு முதல் முறை 1860இல் தொடங்கியது. ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், நவம்பர் 16இல் டர்பன் துறைமுகம், கரும்புத் தோட்டம், மேகசின் பாரக்ஸ் குடியிருப்பு, அங்கிருந்து எங்கள் ஆட்களைக் கிளப்பிச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்ட கதை என்று ஒரு பக்கம் முழுக்க வரலாறு. நாவலின் நாயகியான பத்து வயதுப் பெண் கடைசிப் பத்தியில்தான் வந்தாள். பதினொரு ஏஜென்ட்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் மறுத்து எழுதினார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

கடிதத்தை மட்டும் புதிதாக எழுதினேன். அந்தப் பெண்ணை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன், வரலாற்றைக் கடைசிப் பத்தியில் ஒரே வரியாக்கினேன். நாவலில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடுத்த சுற்றில் மூன்று பேர் முழுப் பிரதியைக் கேட்டார்கள். அதில் ஒருவர்தான் இன்று என் ஏஜென்ட்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பள்ளி ஆசிரியை. போன மாதம் ஒரு படக்கதையோடு வந்து, "ஆன்டி, இதை யாருக்கு அனுப்புறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஏஜென்ட் தேவையா என்று முதலில் பாருங்கள்

ஏஜென்ட் என்பவர் உங்கள் பிரதியைப் பதிப்பகங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டி, விலை பேசி, ஒப்பந்தத்தைப் படித்துச் சரிசெய்து, வரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்பவர். உள்நாட்டு விற்பனைக்குப் பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 சதவீதம்.

தென்னாப்பிரிக்கப் பதிப்பகம் போதும் என்றால் ஏஜென்ட் அவசியமில்லை. இங்கே ஏஜென்ட்கள் மிகக் குறைவு. எழுத்தாளர் பதிப்பகத்துக்கு நேராக அனுப்புவதுதான் வழக்கம். எந்தப் பதிப்பகம் எந்த மாதத்தில் பிரதி வாங்குகிறது என்பதை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன், நியூயார்க் பெரிய பதிப்பகங்கள் அப்படியில்லை. ஏஜென்ட் இல்லாமல் வரும் பிரதியை அநேகமாக எடுத்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். இங்குள்ள பதிப்பகத்துக்கு உலக உரிமையைக் கொடுத்துவிட்டால் ஏஜென்ட் விற்க எதுவும் மிஞ்சாது. நீங்களே பத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பி அவர்கள் மறுத்திருந்தால், அந்தப் பத்து இடத்துக்கும் ஏஜென்ட் மறுபடி போக முடியாது. சொந்தக் காசில் அச்சிட்டுக் கோவில் திருவிழாவில் விற்ற புத்தகத்தையும் அவர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கதையோடு போங்கள்.

மொழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இந்த ஏஜென்ட்கள் படிப்பது ஆங்கிலப் பிரதியைத்தான். தமிழிலேயே எழுதியிருக்கிறீர்களா? அப்போது உங்கள் வழி சென்னைப் பக்கம். தூலிகா போல, குழந்தைகளுக்குத் தமிழிலும் இருமொழியிலும் புத்தகம் போடும் பதிப்பகங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே நேராகவே எழுதிக் கேட்கலாம்.

படி 2: கதை எந்த வயதுக்கு?

"எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும்" என்று எழுதினால் ஏஜென்ட் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். படக்கதைப் புத்தகம் சின்னக் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் 32 பக்கம், 500 சொற்களுக்குள் இருந்தால் நல்லது. தாமாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கான சிறு அத்தியாயப் புத்தகம் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 சொல். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான மிடில் கிரேட் நாவல் 30,000 முதல் 50,000. அதற்கு மேல் இளையோர் நாவல்.

படக்கதை எழுதுபவர்கள் மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். ஓவியரை நீங்கள் தேட வேண்டாம், பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். மருமகனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ வரையச் சொல்லிச் சேர்த்து அனுப்பினால், படம் பிடிக்காமல் கதையும் சேர்ந்து போய்விடும். அடுத்தது, எதுகை மோனையோடு பாட்டாக எழுதும் ஆசை. நாம் பாட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வண்ண அச்சுக்குச் செலவு அதிகம் என்பதால் பதிப்பகங்கள் ஒரே படத்தை வைத்துப் பல மொழிகளில் சேர்த்து அச்சிடப் பார்க்கும். பாட்டை மொழிபெயர்ப்பது கடினம், அதனால் விற்பதும் கடினம். கடைசியாக, ஒரு கதை மட்டும் போதாது. "வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று ஏஜென்ட் கண்டிப்பாகக் கேட்பார். இன்னும் இரண்டு கதைகளாவது தயாராக இருக்கட்டும்.

பக்கம் புரட்டும்போது கதை எப்படி நகர வேண்டும் என்று பழக, கேப் டவுனின் புக் டேஷ் புத்தகங்களைப் பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் மூவரும் சேர்ந்து ஒரே நாளில் செய்யும் புத்தகங்கள் அவை. இலவசமாகத் தரவிறக்கலாம்.

படி 3: பெயர்களைச் சேருங்கள்

நூலகத்துக்குப் போய், கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வந்த, உங்கள் கதை வகையைச் சேர்ந்த புத்தகங்களை எடுங்கள். நாவல் என்றால் நன்றியுரைப் பக்கத்தில் எழுத்தாளர் தன் ஏஜென்ட் பெயரைச் சொல்லியிருப்பார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படக்கதைகளில் பெரும்பாலும் நன்றியுரை இருக்காது. எழுத்தாளரின் தளத்தில் தொடர்புப் பக்கத்தைப் பாருங்கள், ஏஜென்ட் பெயர் அங்கே இருக்கும்.

ப்ளூம்ஸ்பரி ஆண்டுதோறும் வெளியிடும் 'சில்ட்ரன்ஸ் ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்' பிரிட்டிஷ் ஏஜென்ட்களுக்குச் சரியான கையேடு. அமெரிக்கர்களுக்குக் க்வெரிட்ராக்கர் தளம். எந்த ஏஜென்ட் எப்படிப்பட்ட கதையைத் தேடுகிறார் என்பதை மேனுஸ்க்ரிப்ட் விஷ் லிஸ்ட் தளத்தில் அவர்களே எழுதுகிறார்கள். குழந்தைகளுக்காக எழுதுபவர்கள், வரைபவர்களுக்கான எஸ்சிபிடபிள்யூஐ (SCBWI) சங்கத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கிளையும் உண்டு.

இருபது பெயர் சேர்ந்ததும் ஒரு எக்செல் தாளில் போடுங்கள்: பெயர், அவர் என்ன வயதுக் கதை எடுக்கிறார், இப்போது பிரதி வாங்குகிறாரா, என்ன கேட்கிறார், அனுப்பிய தேதி, பதில். பெரியவர்களுக்கான நாவலை மட்டும் எடுப்பவரை உடனே நீக்குங்கள்.

படி 4: கடிதம்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஏஜென்டின் பெயரைச் சரியாக எழுதி, ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி. பிறகு தலைப்பு, வயது, சொல் எண்ணிக்கை. பிறகு கதை.

என் மாணவி முதலில் எழுதிக் கொண்டுவந்தது இப்படி இருந்தது:

"என் கதை தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் வளமான பண்பாட்டையும் மாரியம்மன் வழிபாட்டின் பாரம்பரியத்தையும் இளம் தலைமுறைக்கு எடுத்துச் சொல்கிறது."

இதில் ஒரு குழந்தை எங்கே? நான் அவளிடம் நான்கு கேள்வி கேட்டேன். உன் கதையில் யார் இருக்கிறாள்? அவளுக்கு என்ன வேண்டும்? யார், எது தடுக்கிறது? கிடைக்காவிட்டால் அவளுக்கு என்ன ஆகும்? அன்று மாலையே அவள் எழுதியது:

"எட்டு வயது தேவிக்கு இந்த ஆடியில் ஒரே ஆசை: கூழ்ப் பானையை அவளே கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலை எப்போதும் அண்ணனுக்குத்தான். பானையோ அவள் இடுப்பு உயரம். ஆயா மட்டும் 'ஒரு சொட்டுச் சிந்தாமல் மேட்டு வளைவு வரை போய்க் காட்டு, தருகிறேன்' என்கிறாள். தேவிக்கு நாலு நாள் இருக்கிறது, ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது, அவளை விடாமல் துரத்தும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கிறது."

பாரிட்ஜ் பிரேயர் என்று நாம் சொல்லும் ஆடிக் கூழ் வழிபாட்டை இதற்குமேல் விளக்க வேண்டியதே இல்லை. பானை கனமானது, அது கோவிலுக்குப் போக வேண்டும், ஒரு பெண் அதைத் தூக்க ஆசைப்படுகிறாள். இது எந்த ஊர்க் குழந்தைக்கும் புரியும். 'ஆயா' என்பதை 'கிரானி' ஆக்கிவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். நம் வீட்டுச் சொல்லை எடுத்துவிட்டால், லண்டனில் இருப்பவர் நாள் முழுதும் படிக்கிற நூறு பாட்டிக் கதைகளில் இதுவும் ஒன்றாகிவிடும். சொல்லுக்குப் பொருள் பட்டியலும் கடைசியில் சேர்க்க வேண்டாம். வாக்கியமே அதைச் சொல்லட்டும்.

கதைக்குப் பிறகு, அண்மையில் வந்த இரண்டு புத்தகங்களைச் சொல்லி, உங்கள் கதை எந்த விதத்தில் அவற்றோடு சேரும் என்று ஒரு வரி. உலகப் புகழ் பெற்ற பழைய புத்தகத்தோடு ஒப்பிடாதீர்கள். பிறகு உங்களைப் பற்றி. 1860 இங்கேதான் வர வேண்டும், அதுவும் "டர்பனில் ஐந்தாம் தலைமுறைத் தமிழ்க் குடும்பம், தொடக்கப் பள்ளி ஆசிரியை" என்ற அளவில். விருது இல்லை, முன்பு எதுவும் வெளியாகவில்லை என்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பத்தி ஒரே வரியாக இருக்கட்டும்.

படி 5: அனுப்புதல்

பிரிட்டிஷ் ஏஜென்ட்கள் பொதுவாகக் கடிதம், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் கேட்பார்கள். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும், மர்மமாக விடக் கூடாது. அமெரிக்கர்களில் பலர் இணைப்பைத் திறக்க மாட்டார்கள். முதல் சில பக்கங்களை மின்னஞ்சலிலேயே ஒட்டச் சொல்வார்கள். படக்கதை என்றால் இருவருக்கும் முழுக் கதை. ஒவ்வொருவரின் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்.

சிலர் இணையப் படிவம் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் முதலில் வேர்டில் எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஒரு முறை நான் படிவத்திலேயே எழுதிக்கொண்டிருந்தபோது லோட்ஷெடிங்கில் மின்சாரம் போய், இரண்டு மணி நேர வேலை அழிந்தது.

ஒரு சுற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர். முழுப் பட்டியலுக்கும் ஒரே நாளில் அனுப்பினால், கடிதத்தில் குறை இருந்தால் திருத்திக்கொள்ள ஆள் மிச்சமிருக்க மாட்டார்கள். எனக்குப் பதினொரு பெயர் அப்படித்தான் போனது. மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும் லண்டன், பொலோன்யா புத்தகச் சந்தைகளின் வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. அப்போது அவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

படி 6: காத்திருப்பு

ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகலாம். பதில் வராவிட்டால் அதுவே மறுப்பு என்று பலர் தளத்திலேயே எழுதியிருப்பார்கள். அவர்கள் சொன்ன காலம் கடந்தால் ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். ஒரு சுற்று முழுக்க மௌனமாகப் போனால் கடிதத்தைத் திருத்துங்கள். முழுப் பிரதியைக் கேட்டுவிட்டு மறுத்தால் பிரதியைப் பாருங்கள்.

இந்த இடைவெளியில்தான் பணம் கேட்பவர்கள் வருவார்கள். உண்மையான ஏஜென்ட் படிப்பதற்கும் பதிவு செய்வதற்கும் பணம் கேட்க மாட்டார். பதிப்பகம் தரும் பணம் ஏஜென்ட் வழியாக உங்களுக்கு வரும், அவ்வளவுதான். என் தங்கை எழுதிய ஒரு கதையைப் பாராட்டி, "தேர்வாகிவிட்டது" என்று எழுதிய ஒரு நிறுவனம், அடுத்த கடிதத்தில் எண்ணாயிரம் ராண்ட் கேட்டது. அவள் கட்டிவிட்டாள். ஒரு பெட்டிப் புத்தகம் வந்தது, கடைக்கு ஒன்றும் போகவில்லை. சந்தேகம் வந்தால் ரைட்டர் பிவேர் தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

படி 7: ஒருவர் 'பேசலாமா' என்று கேட்டால்

உடனே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், நேரம் குறியுங்கள். லண்டன் நம்மைவிட, அவர்கள் கோடையில் ஒரு மணி நேரம், அவர்கள் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் பின்னால். நியூயார்க் ஆறு அல்லது ஏழு. யார் நேரம் என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதுங்கள்.

பேசும்போது கேளுங்கள்: கதையில் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார்? எந்தப் பதிப்பகங்களுக்குக் காட்ட நினைக்கிறார்? இந்த ஒரு கதைக்கா, இனி எழுதும் எல்லாவற்றுக்குமா? பிரிய வேண்டி வந்தால் எப்படிப் பிரிவது? பிறகு, பிரதி இன்னும் கையில் இருக்கும் மற்ற ஏஜென்ட்களுக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். இது இந்தத் தொழிலில் வழக்கமான நடைமுறை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

என் மாணவி போன வெள்ளிக்கிழமை தேவியின் கதையை ஆறு பேருக்கு அனுப்பினாள். இப்போது அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் நாய்க்குட்டிதான் நாயகன்.